சும்மா சென்னம்மா

இலுப்பேடு ஏரிக்கரையில் நின்று "சென்னம்மா!" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். களத்திலிருந்து ஒருத்தி "இன்னா?" என்பாள். கிணற்றடியிலிருந்து ஒருத்தி, கடலைக்காட்டிலிருந்து நாலு பேர், எருமை ஓட்டிக்கொண்டு போகிற ஒருத்தி, எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கூப்பிட்டவர் அன்றைக்குத் தொலைந்தார். வீட்டில் பிறக்கிற முதல் பெண்ணுக்கு ஏரிக்கரை அம்மன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தமிழ் வீடோ தெலுங்கு வீடோ, நிலம் இருக்கிற வீடோ கூலிக்குப் போகிற வீடோ, முதல் பெண் என்றால் சென்னம்மாதான். என் அம்மா சென்னம்மா. என் அக்கா சென்னம்மா. நான் சொல்ல வந்திருக்கிற என் பெரியம்மாவும் சென்னம்மா. நான் இரண்டாவதாகப் பிறந்ததால் அம்சவேணி ஆனேன். இதற்கே தலை சுற்றுகிறது என்பவர்கள் எங்கள் பக்கம் வருகிற விஜயபுரம் பஸ்ஸில் ஏறவே வேண்டாம்.

ஒரே பெயராக இருந்தாலும் எங்கள் ஊரில் ஒரு சென்னம்மாவும் இன்னொருத்திக்குள் கரைந்து போனதில்லை. பெயரை அம்மன் கொடுப்பாள், பட்டத்தை அவளவள்தான் சம்பாதிக்க வேண்டும். ஏதாவது ஒரு காரியம் செய்து காட்டினால் அந்தக் காரியம் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஊர் உள்ளவரை அவள் அந்தச் சென்னம்மா.

ஆடி மாதம் ஜாத்திரையன்று பம்பைக்காரர் நாகையா ஏரிக்கரையில் நின்று, பம்பையை அடித்துக்கொண்டே, பட்டம் வாங்கின சென்னம்மாக்களை முதலிலிருந்து வரிசையாகக் கூப்பிடுவார். அவருக்கு அது அவர் நைனா கொடுத்த சொத்து. உடைந்த கரையைக் கட்டின சென்னம்மா முதலில் வருவாள். தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றின சென்னம்மா அடுத்து. வைசூரி வந்த வருஷம் ஆண்பிள்ளைகள் ஓடிப்போனபோது பிணம் தூக்கின சென்னம்மா. தன் சோளத்தை மேய்ந்த வெள்ளைக்காரனின் குதிரையைப் பிடித்துக் கட்டி, அவன் அபராதம் கட்டின பிறகே அவிழ்த்துவிட்ட சென்னம்மா. புருஷனைக் கிணற்றிலிருந்து தூக்கின சென்னம்மா. தள்ளிவிட்டதும் அவள்தான் என்று ஒரு பேச்சு உண்டு, ஆனால் பம்பையில் அது வராது.

நடுவில் இரண்டு ராணிகளும் வருவார்கள். கன்னட தேசத்தில் கெளதியை ஆண்டவள் ஒருத்தி, டில்லி பாதுஷாவுக்குப் பயப்படாமல் சிவாஜி மகாராஜாவின் பிள்ளைக்கு அடைக்கலம் கொடுத்தவள். கித்தூரை ஆண்டவள் இன்னொருத்தி, கும்பினிக்காரனோடு சண்டை போட்டவள். இரண்டு பேர் பெயரும் சென்னம்மாதான். எந்தக் காலத்திலோ ஒரு வளையல்காரர் வந்து இந்தக் கதைகளைச் சொல்ல, நாகையாவின் முன்னோர் யாரோ அவர்களையும் வரிசையில் சேர்த்துவிட்டார். ராணியாக இருந்தால் என்ன, எங்கள் வரிசையில் குதிரை கட்டினவளுக்குப் பின்னால்தான் அவர்களுக்கு இடம். முதலில் வந்தவர்களுக்குத்தானே முதல் மரியாதை!

பெயர் கூப்பிட்டதும் அந்தச் சென்னம்மா பதில் சொல்ல வேண்டும். "இருக்கிறேன்" என்பதை எங்கள் பக்கத்தில் "கீறேன்" என்போம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எங்கள் அம்மனுக்கு அது புரிகிறது. தெலுங்கு வீட்டுப் பெண்கள் "உன்னானு" என்பார்கள், அதுவும் அவளுக்குப் புரியும். செத்துப்போனவளாக இருந்தால் அவள் வழியில் வந்த பெண் ஒருத்தி "கீறா" என்று சொல்ல வேண்டும். ராணிகளுக்கு இங்கே யாரும் இல்லாததால் பெண்பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து "கீறோம்" என்று கத்துவோம். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராத பெயர் வரிசையிலிருந்து உதிர்ந்துவிடும். அப்படி உதிர்ந்த பெயர்கள் இரண்டோ மூன்றோ உண்டு என்று பெரியவர்கள் சொல்லுவார்கள், ஆனால் அவை என்ன என்று சொல்ல மாட்டார்கள்.

பட்டம் இல்லாதவர்களுக்குப் பின்வரிசை. முன்வரிசைக்காரிகளின் கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு நிற்பது அவர்கள் வேலை. பெரும்பாலும் சின்னப் பெண்கள்தான் அங்கே நிற்பார்கள். வயது ஏறினால் ஏதாவது ஒரு பட்டம் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். நாற்பதைத் தாண்டியும் பின்வரிசையில் நின்றவள் என் பெரியம்மா ஒருத்திதான். அவளுக்கு ஊர் வைத்த பெயர் சும்மா சென்னம்மா.

அவள் என் அம்மாவின் பெரியப்பா மகள். இருவரும் இலுப்பேட்டில் அடுத்தடுத்த வீடுகளில் பிறந்தவர்கள், ஒரு வயது வித்தியாசம். விதைக்கடலை உடைக்கிறதில் பெரியம்மாவை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. யாராவது களத்தில் "இன்னா சும்மா சென்னம்மா" என்று சீண்டினால், "சும்மாதான். சும்மா வந்து உன் கடலையை உடைக்கறனா? கூலியை எடுத்து வை" என்பாள். வாய் அப்படி. ஆனால் ஜாத்திரை அன்று மட்டும் அந்த வாய் திறக்காது. யாருடைய பிள்ளையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு, நாகையாவின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பல வருஷம் அந்தப் பிள்ளை நான்தான். என் அம்மா முன்வரிசைக்காரி அல்லவா! அவள் சிறுத்தையை அடைச்ச சென்னம்மா.

ஆனால் அம்மா என்னைப் பெரியம்மாவின் கையில் நேராகக் கொடுக்க மாட்டாள். நடுவில் இன்னொருத்தி கை மாற்ற வேண்டும். இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம் அந்தச் சிறுத்தைதான். அந்தக் கதையை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். எனக்கு இது பிற்பாடுதான் தெரியும், ஆனால் படிக்கிறவர்களை நான் காக்க வைக்க மாட்டேன்.

அவர்கள் பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்களாக இருந்தபோது, ஒரு சாயங்காலம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கடலைக் கொட்டாய்க்கு வந்தார்கள். மண்சுவர் வைத்து ஓடு போட்ட கொட்டாய். மழை வந்தால் ஆடுகளை அதில்தான் அடைப்பார்கள். உள்ளே ஒரு சிறுத்தை நகரி மலையிலிருந்து இறங்கி வந்து, காலையில் விட்டுப்போன குட்டி ஒன்றைத் தின்றுகொண்டிருந்தது. என் அம்மா அலறினாள். பெரியம்மா கதவை இழுத்துச் சாத்தினாள். நாதாங்கியின் கொக்கி தேய்ந்துபோயிருந்ததால் நிற்கவில்லை. அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஓடு, போய் ஆளுங்களை இட்டுக்கினு வா!" என்று கத்தினாள். உள்ளே அது மோத மோத, கொக்கி அவள் கையைக் கிழித்தது. விடவில்லை. அம்மா ஊருக்குள் ஓடிப் போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரும்வரை விடவேயில்லை.

ஆண்கள் கழியும் கயிறுமாக வந்தார்கள். "தள்ளு புள்ள" என்று பெரியம்மாவை ஓரம் தள்ளிவிட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். அவள் கை கழுவ ஓடைக்குப் போனாள். அதற்குள் பின்னால் வந்த கூட்டம் "யாரு அடைச்சது?" என்று கேட்டது. "சென்னம்மா!" என்று நாலு பேர் சொன்னார்கள். உண்மைதானே. அங்கே நின்றுகொண்டிருந்த சென்னம்மா என் அம்மா. ஓடி வந்த மூச்சிரைப்போடு, முள்ளில் கிழிந்த பாவாடையோடு நின்றாள். அப்படியே அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு தப்பு நடக்காது. அங்கேயெல்லாம் ஆளுக்கொரு பெயர் இருக்கிறதே!

"நான் இல்லனு சொல்ல வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள கழுத்துல மாலை வந்து உழுந்திடிச்சி. எனக்கு மாலை போட்டுக்கறது ரொம்பப் புடிச்சிடிச்சி, இன்னா பண்ணச் சொல்ற?" இது அம்மா என்னிடம் சொன்னது. மறுநாள் சொல்லலாம் என்று இருந்தாளாம். மறுநாள் ஊர் முழுக்க விருந்து. அதற்கடுத்த மாதம் ஜாத்திரை, நாகையாவின் நைனா பம்பையில் போட்டுவிட்டார். பம்பையில் ஏறினதை யார் இறக்குவது?

பெரியம்மா கை கழுவிவிட்டு வந்தபோது தங்கச்சி தோள் மேல் இருந்தாள். பெரியம்மாவைப் பெற்றவள், "போய்ச் சொல்லுடி, நான்தான் அடைச்சேன்னு" என்று பிடித்துத் தள்ளினாளாம். அதற்கு அவள், "கேட்டு வாங்கித் துன்ன அது இன்னா கூழா? கொடுக்கறவங்க கண்ணு தெரிஞ்சி கொடுக்கணும்" என்றாளாம். அன்றிலிருந்து அம்மாவோடு பேச்சை நிறுத்தினாள். எனக்கு ஏழெட்டு வயதில், அவள் இடுப்பில் இருந்து இறங்கி ஓட ஆரம்பித்த பிறகு, அவள் உள்ளங்கையில் குறுக்காக இருந்த தழும்பைப் பார்த்து "இது இன்னா பெரிம்மா?" என்று கேட்டேன். "கதவு கடிச்சிடிச்சி" என்றாள்.

பிற்பாடு அம்மா ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த ஓடைக்கண்டிகையில் வாழ்க்கைப்பட்டாள். பெரியம்மா இலுப்பேட்டிலேயே கட்டிக்கொண்டாள், பெற்றது இரண்டும் பிள்ளைகள், பெண் இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடை ஒன்றுதான். அந்தப் பக்கம் ரசம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். ஆடி தோறும் நாங்கள் எல்லோரும் ஓடையில் இறங்கி ஏறி இலுப்பேட்டு ஏரிக்கரைக்குப் போவோம். ஆடி தோறும் நாகையா "சிறுத்தையை அடைச்ச சென்னம்மா!" என்பார். ஆடி தோறும் என் அம்மா "கீறேன்" என்பாள். பின்வரிசையில் நின்று, அந்த அம்மாவின் பிள்ளையையே இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியம்மா அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தன் பெயரை இன்னொருத்தி வாயில் கேட்டுக்கொண்டு முப்பது வருஷம் நிற்பதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! நானாக இருந்தால் இரண்டாம் வருஷமே அந்தப் பம்பையைத் தூக்கி ஏரியில் போட்டிருப்பேன்.

இதற்கு நடுவில் சர்க்கார்கள் எங்கள் ஓடையைக் கவனிக்க ஆரம்பித்தன. ஐம்பத்து மூன்றில் ஆந்திர ராஜ்யம் பிறந்தது. சித்தூர் ஜில்லா அதோடு போனது. அப்போது எங்களுக்கு ஒன்றும் வித்தியாசம் இல்லை, இரண்டு ஊரும் சேர்ந்தே போனோம். அப்புறம் ஊர்வலம், மறியல், கமிஷன் என்று ஏழு வருஷம் ஓடியது. அறுபதாம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி ஓடைக்கண்டிகை மெட்ராஸ் ராஜ்யத்துக்கு வந்தது. இலுப்பேடு ஆந்திராவிலேயே நின்றது. நேற்றுவரை எருமை கழுவின ஓடை ராஜ்யங்களின் எல்லை ஆகிவிட்டது. எங்கள் ஊரில் வெல்லம் கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். தமிழ் ராஜ்யத்துக்கு வந்துவிட்டோம் என்று எங்களுக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆடி நெருங்கினபோதுதான் கசந்தது. இலுப்பேட்டுப் பெரியதனக்காரர் சிட்டிபாபு கூட்டம் போட்டு, "அந்தாண்ட போனவங்க பேரை இனிமே கூப்புடக்கூடாது. இன்னிக்குப் பேரைக் கூப்புட்டா நாளைக்கு ஏரித் தண்ணியில பாத்தியதை கேப்பாங்க" என்றார். எங்கள் ஊர்ப் பெரியதனக்காரர் சம்பத் சும்மா இருப்பாரா? "போனா போவுது. நம்ம கரையில நாமளே ஒரு கல்லை நட்டுக்குவோம். நம்ம பொண்ணுங்க பேரை நாமளே கூப்புடுவோம்" என்றார். இருவரும் ஆளனுப்பி நாகையாவிடம் சொன்னார்கள். அவருக்கு வீடு இலுப்பேட்டில், பெண் கொடுத்தது கண்டிகையில்.

"ஒரே வரிசைங்க இது. நடுவுல அறுத்தா ரெண்டு பக்கமும் ரத்தம் வரும்" என்றார் நாகையா. யாரும் கேட்கவில்லை. ஜாத்திரைக்கு முந்தின நாள் அவர் பம்பையைப் பரணில் வைத்துவிட்டுத் திருமலைக்குப் புறப்பட்டார். மொட்டை போட வேண்டுதலாம்.

"எப்ப வேண்டிக்கினே?" என்று சிட்டிபாபு வழியை மறித்தார்.

"இப்பத்தாங்க" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

ஜாத்திரையன்று ஓடைக்கு இரண்டு பக்கமும் கூட்டம். இலுப்பேட்டுப் பெண்கள் அம்மனை அந்தக் கரை வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள், எதிர்க்கரையில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று பார்க்கத்தான். எங்கள் பக்கம் புதுக்கல் ஒன்று மஞ்சள் பூசிக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தது. சிட்டிபாபு தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தார். கரை கட்டினவளை ஒழுங்காகக் கூப்பிட்டார், கஞ்சி ஊற்றினவள் வழி எங்கள் கரையில் என்பதால் அவளைத் தாண்டினார், பிறகு பிணம் தூக்கின சென்னம்மாவைக் குதிரை தூக்கின சென்னம்மா என்று சொல்லி மாட்டிக்கொண்டார். இந்தப் பக்கம் சம்பத் எடுத்தவுடனே தன் மகள் பெயரைக் கூப்பிட்டார். "அவ இன்னாத்தை அடைச்சா?" என்று ஒருத்தி கேட்க, இரண்டு கரையும் சேர்ந்து சிரித்தது. அன்றைக்கு இரண்டு ராஜ்யமும் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அந்தச் சிரிப்புதான்.

சிரிப்பு அடங்கினதும் ஒரு பயம் வந்தது. முழு வரிசையும் யாருக்கும் தெரியாது. அவளவளுக்கு அவளவள் பெயர் தெரியும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று தெரியும். கூப்பிட ஆள் இல்லையென்றால் பதிலும் இல்லை. பொழுது சாய்ந்தால் அத்தனை பெயரும் உதிர்ந்தது மாதிரிதான். கிழவி ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது இலுப்பேட்டுப் பின்வரிசையிலிருந்து பெரியம்மா வெளியே வந்தாள். இடுப்பில் இருந்த குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கரையில் இறங்கினாள்.

"ஏ சென்னம்மா, எங்க போற? அந்தாண்ட போனேன்னா உன் பேரையும் எடுத்துடுவோம்" என்று சிட்டிபாபு அதட்டினார்.

அவள் திரும்பினாள். "எதுல இருந்து எடுப்பீங்க? நான்தான் அதுல இல்லவே இல்லியே! மொதல்ல போடுங்க, அப்பறம் எடுக்கலாம்."

அவள் ஓடையின் நடுவில், கணுக்கால் தண்ணீரில், இந்த ராஜ்யத்திலும் இல்லாமல் அந்த ராஜ்யத்திலும் இல்லாமல் நின்றாள். பம்பை இல்லை, ராகம் இல்லை. ஆடு ஓட்டிப் பழகின குரலில், "ஒடைஞ்ச கரையைக் கட்டின சென்னம்மா!" என்று கூப்பிட்டாள்.

அந்தக் கரையிலிருந்து "கீறா" என்று பதில் வந்தது. "தாது வருசத்துல கஞ்சி ஊத்தின சென்னம்மா!" எங்கள் கரையிலிருந்து பதில் போனது. ஒன்று ஆந்திராவிலிருந்து, ஒன்று மெட்ராஸிலிருந்து, இடையில் தெலுங்கு வீட்டிலிருந்து "உன்னதி" என்று அதே பதில். அவள் தயங்கவேயில்லை. பட்டம் வாங்கினவர்கள் தங்கள் பெயர் முடிந்ததும் வெற்றிலை போடப் போய்விடுவார்கள். தன் பெயர் வருமா, இந்த வருஷமாவது வருமா என்று முதலிலிருந்து கடைசி வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றவள் இவள் ஒருத்திதான். அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ராணிகள் வந்தபோது இரண்டு கரைப் பெண்பிள்ளைகளும் "கீறோம்!" என்று கத்தினோம். நான் அம்சவேணி, இருந்தாலும் கத்தினேன். அந்தச் சத்தத்தில் சம்பத் நட்ட புதுக்கல் கொஞ்சம் சாய்ந்தது என்று இன்றும் சொல்லுவார்கள். அது சரியாக நடப்படவில்லை, அவ்வளவுதான்.

ராணிகளுக்குப் பிறகு கிணறு. கிணற்றுக்குப் பிறகு சிறுத்தை.

பெரியம்மா நின்றுவிட்டாள். தாண்டிப் போயிருக்கலாம். யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? ஆனால் அவள் தாண்டவில்லை. எங்கள் கரையை, என் அம்மா நின்ற இடத்தை, நேராகப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"சிறுத்தையை அடைச்ச சென்னம்மா!"

அம்மா பதில் சொல்லவில்லை. நான் அவள் தோளை இடித்தேன். அவள் உதடு இறுகியிருந்தது.

"சிறுத்தையை அடைச்ச சென்னம்மா!" இரண்டாம் தடவை. இன்னும் ஒரே ஒரு தடவைதான், அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பெயர் போச்சு. "யம்மா, சொல்லும்மா!" என்று நான் அழுதுவிட்டேன்.

அம்மா என் கையை விலக்கிவிட்டு ஓடையில் இறங்கினாள். புடவை நனைய நடந்து போய்ப் பெரியம்மாவுக்கு எதிரே நின்றாள். பெரியம்மா மூன்றாம் தடவை கூப்பிட வாயைத் திறப்பதற்குள், அம்மா தலையை நிமிர்த்தி, இரண்டு ஊரும் கேட்கத் தானே கூப்பிட்டாள்.

"சிறுத்தையை அடைச்ச சென்னம்மா!"

கூப்பிடுகிறவள் பதில் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த முறை அது. யாரைப் பார்த்துக் கூப்பிட்டாளோ அவள்தான் சொல்ல வேண்டும். இரண்டு கரையிலும் மெல்ல மெல்லப் புரிந்தது. கழியோடு அன்றைக்கு ஓடி வந்தவர்களில் உயிரோடு இருந்த ஒரு கிழவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பெரியம்மா முகத்தை முந்தானையால் ஒரு தடவை துடைத்துக்கொண்டாள்.

"கீறேன்" என்றாள்.

போதவில்லை என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். மறுபடியும் "கீறேன்!" என்றாள். அது நகரி மலை வரைக்கும் கேட்டிருக்கும். இரண்டு கரையிலும் பெண்கள் குலவை போட்டார்கள். சிட்டிபாபு போட்டாரா என்று தெரியாது, ஆனால் அவர் தலையில் கட்டியிருந்த துண்டு கக்கத்துக்கு வந்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

முப்பது வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். "கை இன்னும் வலிக்குதா?" என்று அம்மா கேட்டாள். "மழைக்கு மட்டும்" என்று பெரியம்மா சொன்னாள். "சரி, மீதியைக் கூப்புடு, பொழுதாவுது" என்று அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டாள். மீதிப் பெயர்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். காரியம் முதலில். எங்கள் பெண்கள் அப்படித்தான்.

நாகையா மொட்டைத் தலையோடு லட்டு கொண்டுவந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "இதுக்குத்தான் சாமி என்னை மேல கூப்டுக்கிச்சி" என்று பெருமையைக் கொஞ்சம் தன் பக்கமும் திருப்பிக்கொண்டார். அடுத்த ஆடியிலிருந்து அவர் ஓடையின் நடுவில் நின்றுதான் கூப்பிட்டார், இன்றுவரைக்கும் அந்த இடம்தான். ஏரித் தண்ணீர்ச் சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது பாட்டுக்கு நடக்கிறது. பெயரை மட்டும் யாரும் பங்கு போடவில்லை.

பட்டம் போனதில் என் அம்மா பின்வரிசைக்குப் போனாள். யாரோ ஒரு துடுக்குக்காரி அவளைச் "சும்மா சென்னம்மா" என்றபோது பெரியம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "அந்தப் பேரு என்னுது. முப்பது வருசம் நின்னு சம்பாரிச்சேன். எவளுக்கும் தர மாட்டேன்!" என்றாள். அதனால் அவளுக்கு இரண்டு பட்டம். எங்கள் வரிசையில் இரண்டு பட்டம் வாங்கினவள் வேறு ஒருத்தியும் இல்லை, ராணிகள் உட்பட. அவள் என் பெரியம்மா. பெருமைதான், ஏன் படக்கூடாது?

கடைசிவரை அவள் கடலை உடைத்தாள். சாகிற அன்று காலையில்கூட ஒரு முறம் உடைத்துவிட்டுத்தான் படுத்தாள். அதற்கடுத்த ஆடியில் அம்மாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. இருந்தும் வருவேன் என்றாள். நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஓடையில் இறக்கினோம். நாகையாவின் மகன் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். ராணிகள் போனார்கள். கிணறு போனது.

"சிறுத்தையை அடைச்ச சென்னம்மா!"

பெரியம்மாவுக்குப் பெண் இல்லை. அம்மா எங்கள் இருவர் கையையும் விட்டுவிட்டு, தண்ணீரில் தானாக நிமிர்ந்து நின்றாள். முப்பது வருஷம் அந்தப் பெயருக்கு அவள் பொய்யாகப் பதில் சொன்னவள். இப்போது அந்தப் பதிலுக்கு உலகத்தில் அவளைத் தவிர வேறு ஆள் இல்லை.

"கீறா" என்றாள்.